இரண்டாம் தரம் கேட்காத ஊர்

விக்னராஜாவின் சட்டைப் பையில் அன்றைக்கு இரண்டு தந்திப் படிவங்கள் இருந்தன. இரண்டையும் அவரே எழுதியிருந்தார். இரண்டும் கொழும்பில் இருந்த மைத்துனருக்கு. ஒன்றில் "அனுப்பு" என்று இருந்தது, மற்றதில் "பொறு" என்று இருந்தது. திங்கட்கிழமை காலை தபாற்கந்தோர்க் கதவு திறந்ததும் இரண்டில் ஒன்று போயாக வேண்டும். மனைவி ரஞ்சினிக்கும் இரண்டரை வயது மகளுக்கும் ஏப்ரல் மூன்றாம் திகதி விமானத்தில் பிடித்து வைத்த இடத்தை மைத்துனரால் அதற்குமேல் வைத்திருக்க முடியாது.

ஜனவரியில் ஒரு "பொறு" ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு ரஞ்சினி போட்ட பதிலில் ஐந்தே வரி. நாலு பக்கம் நெருக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதுகிற பெண் அவள். அவள் ஐந்து வரி எழுதினால் என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொரு "பொறு" போனால் அந்த ஐந்து வரியும் வராது.

வீடு கிடைக்கவில்லை, அதுதான் விஷயம். அவர் இருந்தது ரிச்மண்டில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், ஒற்றை அறை. பெண்களும் பிள்ளைகளும் கூடாது என்று படிக்கட்டடியில் பலகையே மாட்டியிருந்தார்கள். மெல்பேண் முழுக்க அலைந்து பதினொரு வீடு பார்த்துவிட்டார். போனில் பேசும்போது எல்லாரும் தேனாகப் பேசினார்கள். வாசலில் போய் நின்று முகத்தைக் காட்டியதும், "அடடா, அரை மணித்தியாலத்துக்கு முன்னால்தான் ஒருவர் எடுத்தார்" என்றார்கள். அந்த அரை மணித்தியாலக்காரனை ஒரு நாளைக்காவது நேரில் பார்க்க வேண்டும் என்று விக்னராஜாவுக்கு ஆசை.

இப்படிப்பட்ட நெஞ்சிடியோடு ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சவாரிக்குப் போவானா? போனார். இழுத்துக்கொண்டு போனது அருமைநாதன். மலேசியாவில் ஈப்போ பக்கத்துப் பிள்ளை. படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டவன். தண்ணீர்க்குழாய், கழிவுக்குழாய் எல்லாம் படம் வரைகிற ஓர் அலுவலகத்தில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அந்த அலுவலகத்துக்காரர்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து சைக்கிளில் ஊர் சுற்றுவார்கள். எழுபத்தாறாம் வருஷம் மார்ச் மாதச் சுற்று, லிலிடேல் வரை ரயிலில் போய் அங்கிருந்து யாரா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைப் பார்ப்பது.

"ரூம்ல உக்காந்து கூரையைப் பாத்தா வீடு வந்துருமாண்ணே?" என்றான் அருமைநாதன். "நாலு பேரோட பழகுங்க. இந்த ஊர்ல வீடு பேப்பர்ல கெடைக்காது, வாய்ப்பேச்சுலதான் கெடைக்கும்."

"எனக்கு மனம் ஒரு நிலையில இல்லைத் தம்பி."

"மனசு ஒரு நெலயில இல்லாட்டி என்னா, சைக்கிள் நெலயா இருந்தா போதும்லா."

அந்தச் சைக்கிளும் பழசுதான். மூன்று கியர், நிமிர்ந்த கைபிடி, முன்னால் ஒரு கூடை. மற்றவர்களுக்கெல்லாம் ஆட்டுக்கடாக் கொம்புபோல வளைந்த கைபிடி, பத்துக் கியர். ஒன்பது சைக்கிளும் ரயிலின் கார்ட் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தபோது, விக்னராஜாவின் சைக்கிள் மட்டும் கலியாண வீட்டுக்கு மரக்கறிக் கூடையோடு வந்தவர் மாதிரித் தனித்துத் தெரிந்தது.

லிலிடேலில் இறங்கி ஏறி மிதித்தார்கள். யாழ்ப்பாணத்தில் நடை பழகியதும் சைக்கிள் பழகிய மனிதர் விக்னராஜா. பாரில் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள், கைபிடியில் ஒரு மூட்டை என்று ஓட்டியவர். ஆனால் அங்கே தரை மேசைபோல இருக்கும். மேடு என்றால் அங்கே மதகு. இங்கேயோ வீதி எழும்பி விழுந்து, எழும்பி விழுந்து போனது. முதல் ஏற்றத்திலேயே அவருக்குத் தொடை எரிந்தது.

அந்த ஏற்றத்தின் உச்சியில்தான் ஹார்ட்லி அவருக்காகக் காத்து நின்றார். அலுவலகத்தில் அந்தப் பகுதிக்குப் பெரியவர் அவர்; ஐம்பத்தெட்டு வயது, மெலிந்து நெடுத்த மனிதர், முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இறக்கத்தில் உருண்டார்கள்.

"உன் மனைவி வரப் போகிறாளாமே விக், அருமை சொன்னான். வீடு ஏதும் சரிவந்ததா?"

"பார்த்துக்கொண்டிருக்கிறேன், மிஸ்டர் ஹார்ட்லி."

"ரிங்வூட்டில் எங்கள் பின்வளவில் ஒரு சின்ன வீடு சும்மா கிடக்கிறது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. மகனுக்கென்று கட்டியது, அவன் பேர்த்துக்குப் போய்விட்டான். உங்களுக்குச் சரிவருமா?"

விக்னராஜாவின் சைக்கிள் ஒருதரம் வளைந்து நேரானது. ரஞ்சினி அந்தக் குசினியில் நிற்பதைக்கூட அவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, வாயைத் திறந்து சொன்னார்:

"இல்லை, இல்லை, மிஸ்டர் ஹார்ட்லி. உங்களுக்கு ஏன் வீண் கஷ்டம்? நாங்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வோம்."

ஹார்ட்லி அவரை ஒருமுறை பார்த்தார். "சரி," என்றார். பிறகு கியரைத் தட்டி முன்னால் போய்விட்டார்.

நீங்கள் சிரிக்க வேண்டாம், கண்ணுகளே. வேறு எதைச் சொல்லுவார் அவர்? ஒரு வீட்டுக்குப் போகிறோம், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்கிறார்கள். "சீச்சீ, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்கிறோம். தொண்டை காய்ந்து கிடந்தாலும் அதுதான் பதில். "அரைக் கோப்பை எண்டாலும் குடியுங்கோ" என்பார்கள். "வேண்டாம், ஏன் மினக்கெடுறியள்" என்போம். அதற்குள் உள்ளே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். கேட்டவுடனே "ஓம்" என்றால் வளர்ப்புச் சரியில்லை என்று பேர் வரும். வீடு தருகிறேன் என்று ஒரு பெரிய மனிதர் சொல்லும்போது தாவி விழுந்து பிடிக்கலாமா? அதுவும் மேலதிகாரி!

ஆகவே விக்னராஜா மிதந்துகொண்டு போனார். அடுத்த வளைவில் ஹார்ட்லி திரும்பக் கேட்பார்; அதற்கும் மெல்ல ஒருதரம் மறுக்க வேண்டும்; மூன்றாம் தரம், "நீங்கள் இவ்வளவு சொல்லுறபடியால்..." என்று தலையைச் சாய்க்க வேண்டும். எந்தத் தொனியில் சொல்வது என்றுகூட மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பையில் "அனுப்பு" சூடாக இருந்தது.

முதல் தோட்டம் வந்தது. தகரக் கொட்டகை, உள்ளே பீப்பாய்கள், முழங்கால் வரை ரப்பர்ச் சப்பாத்துப் போட்ட சொந்தக்காரர். புளித்த வாடை மூக்கில் அடித்தது. சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், மணந்தார்கள், வாயில் விட்டுக் கொப்பளித்தார்கள், பிறகு ஒரு வாளிக்குள் துப்பினார்கள்!

"இதென்ன தம்பி, வாங்கி வாங்கித் துப்புகினம்?"

"ருசி பாக்கறாங்கண்ணே. எல்லாத்தையும் முழுங்கினா சைக்கிள் எப்படி ஓட்டறது?"

"நீர் துப்பேல்லையே?"

"நான் பால் குடிச்ச வாய்ண்ணே. துப்பத் தெரியாது."

சொந்தக்காரர் விக்னராஜாவின் பக்கமும் ஒரு குவளையை நீட்டினார். அவர் குடிப்பதில்லை. "நோ, தாங்க் யூ" என்றார். குவளை அப்படியே அடுத்த ஆளுக்குப் போயிற்று. ஏன், எதற்கு, ஒரு சொட்டு, எனக்காக என்று ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு நல்ல மனிதர்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள் என்று விக்னராஜா மனம் நிறைந்து பாராட்டினார். பாராட்டியவர், அந்தப் பாராட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது திருப்பிப் பார்க்கவில்லை.

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் ஹார்ட்லியின் பக்கத்திலேயே சைக்கிளை வைத்துக்கொண்டார். கேட்பதற்கு வசதியாக இருக்கட்டுமே! ஹார்ட்லி பேசினார்தான். யாரா கிளென் பக்கத்து மண்ணைப் பற்றிப் பேசினார். புலீனில் தாழ்ந்துபோன கழிவுக்குழாயைப் பற்றிப் பேசினார். பழம் பழுக்கிற காலத்தில் குருவிகளை விரட்ட, தோட்டத்துக்குள் எரிவாயுவில் தானாக வெடிக்கிற குழாய்த் துப்பாக்கி வைத்திருப்பார்கள் என்று விளக்கினார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே அது "டமார்" என்றது, விக்னராஜா துள்ளிவிட்டார். ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒருதரம் எங்கோ ஒரு கொடிவரிசைக்குள்ளிருந்து அந்தச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் நெஞ்சு ஒருதரம் குதித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

பத்து மணியாயிற்று. பதினொன்றாயிற்று. வீட்டைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. மறந்துவிட்டாரோ? ஏற்றத்தில் கேட்பது சரியில்லை, மூச்சு வாங்கும், இறக்கத்தில் கேட்பார். இறக்கமும் போனது. சாப்பாட்டு நேரத்தில் ஆறுதலாகக் கேட்க வைத்திருக்கிறாராக்கும்.

இரண்டாவது தோட்டத்தில், ஆற்றுப் பக்கத்து மரநிழலில், சாப்பாட்டுக்கு இருந்தார்கள். விக்னராஜா கொண்டுவந்தது இரண்டு வாழைப்பழம். அதையும் பதற்றத்தில் ரயிலிலேயே தின்றுவிட்டிருந்தார். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஹார்ட்லியின் மனைவி மார்ஜரி, சிவந்த முகமும் தொப்பியுமாக, ஒரு தட்டம் நிறைய முட்டை சான்ட்விச் கொண்டுவந்தாள்.

"எடுத்துக்கொள், விக்."

முட்டையும் வெண்ணெயும் மணத்தன. வாயில் தண்ணீர் ஊறியது. "இல்லை, வேண்டாம், நான் சாப்பிட்டேன்" என்றார்.

"சரி," என்றாள் மார்ஜரி. தட்டம் போய்விட்டது.

கண்ணுக்கு முன்னால் அந்தத் தட்டம் நகர்ந்து, அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று சுற்றி, கடைசி முக்கோணத்தைத் தட்டச்சுப் பகுதியிலிருந்து வந்த கீத் என்ற இளைஞன் எடுத்து வாயில் போட்டதையும் விக்னராஜா பார்த்தார். சரி என்றாளே. ஹார்ட்லியும் இதே மாதிரித்தான், இதே குரலில், "சரி" என்றார். குவளையும் இப்படித்தான் போனது. காலையிலிருந்து மிதந்து வந்த மனிதர் தொப்பென்று விழுந்தார்.

எழும்பிப் போய் அருமைநாதனின் கையைப் பிடித்தார். "தம்பி, இஞ்சால ஒருக்கா வாரும்."

"என்னாண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

நடந்ததைச் சொன்னார். அருமைநாதன் கையில் இருந்த அப்பிளைக் கடிப்பதை நிறுத்திவிட்டான்.

"வேணாம்னு சொன்னீங்களா? வீட்டையா?"

"அப்பிடி வேண்டாம் எண்டில்லை. மரியாதைக்குச் சொன்னனான். திரும்பக் கேப்பார் எண்டு..."

"ஐயோலா! எப்பக் கேப்பாரு? இவங்க ஒரு தரம்தாண்ணே கேப்பாங்க. நாம வேணாம்னா அது முடிஞ்சுபோன கதை. திரும்பக் கேட்டா நம்மளை நெருக்கற மாதிரி ஆயிரும்னு அவங்களுக்கு நெனப்பு. அதுதான் அவங்க மரியாதை. நான் வந்த புதுசுல மூணு மாசம் பட்டினி கெடந்தேன், தெரியுமா? எல்லா வீட்லயும் போய் வேணாம் வேணாம்னு சொல்லி!"

"இப்ப என்ன செய்யிறது?"

"நான் போய்ச் சொல்லட்டா அவருகிட்ட?"

"சீச்சீ, வேண்டாம் தம்பி. நீர் ஏன் எனக்காக மினக்கெடுறீர்."

"சரிண்ணே" என்று அருமைநாதன் அப்பிளைக் கடித்தான்.

விக்னராஜா வாயைப் பிளந்து நின்றார். இவனுமா! எட்டு வருஷம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்ததில் இவனும் அப்படியே ஆகிவிட்டானா! திரும்பக் கேளடா என்று எப்படிச் சொல்லுவது?

அதற்குள் மரத்தடியிலிருந்து பேச்சுக் காதில் விழுந்தது. கீத்தின் குரல். "ஜூனில் கலியாணம் வைத்திருக்கிறோம். உங்கள் பின்வீடு சும்மா இருக்கிறதென்று மார்ஜரி சொன்னாள்?"

"இருக்கிறது," என்றார் ஹார்ட்லி. "விக்கிடம் கேட்டுப் பார்த்தேன், அவனுக்கு வேண்டாமாம். இன்று மாலை ஏழு மணிக்கு உன் கலியாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து பார். நாளை விடிய நாங்கள் இரண்டு கிழமை கடற்கரைக்குப் போகிறோம். பிடித்திருந்தால் இன்றைக்கே முடித்துவிடலாம்."

எங்கோ குழாய்த் துப்பாக்கி வெடித்தது. கொடிகளுக்கு மேலே ஒரு குருவிக் கூட்டம் எழும்பி, ஒரு வட்டம் போட்டு, அதே இடத்தில் திரும்ப இறங்கியது.

பின்னேரம் முழுவதும் அவர் ஹார்ட்லியைத் துரத்தினார் என்றே சொல்ல வேண்டும். கீத் எப்போதும் ஹார்ட்லியின் பக்கத்தில். அவன் கொஞ்சம் விலகினால் ஏற்றம் வந்தது. ஏற்றத்தில் ஹார்ட்லியின் பத்துக் கியரும் சத்தமில்லாமல் முன்னேற, விக்னராஜாவின் மூன்று கியரும் முனகின. ஒருமுறை எட்டிப் பிடித்துவிட்டார். "மிஸ்டர் ஹார்ட்லி, காலையில் நான்..." என்று தொடங்கினார். மூச்சு வாங்கியதில் மிச்சம் வரவில்லை.

"சும்மா பேசாதே விக், மூச்சைப் பிடித்துக்கொள். நன்றாக ஓட்டுகிறாய்!" என்று முதுகில் தட்டிவிட்டு ஹார்ட்லி இறக்கத்தில் பறந்துவிட்டார்.

இறக்கத்தில் இவரும் துணிந்து பிரேக்கை விட்டார். வேகம் பிடித்தது, காற்று காதை அடைத்தது, ஹார்ட்லியின் வெள்ளைக் காலுறை நெருங்கி நெருங்கி வந்தது. வருகிற நேரம் பார்த்துப் பின்சில்லில் "புஸ்ஸ்" என்றது. சைக்கிள் ஆட்டம்போட்டு ஒரு கம்பி வேலியடியில் நின்றது. கூட்டம் வளைவில் மறைந்துவிட்டது. கடைசியாக வர வேண்டியது அருமைநாதனின் முறை என்றபடியால் அவன் மட்டும் வந்து இறங்கினான்.

"எத்தினை மணிக்குத் தம்பி ரயில்?"

"நாலு அம்பதுக்கு. விட்டா ஒரு மணி நேரம் நிக்கணும். லிலிடேல் பதிமூணு கிலோமீட்டர் இருக்கு. வேணாம்ண்ணே, போன் பண்ணிச் சொல்லிக்கலாம்."

"போனில ஏலாது." முகத்தைப் பார்த்துச் சொன்ன "இல்லை"யை முகத்தைப் பார்த்துத்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. தவிர, போனில் கிடைத்த வீடுகளைத்தான் அவர் பதினொரு தரம் கண்டிருக்கிறாரே!

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். ஒட்டுப்போடுகிற வேலையை அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. டயரைக் கிளப்பி, டியூபை இழுத்து, காற்றடித்துக் கன்னத்தில் வைத்து ஓட்டையைப் பிடித்தார். சுரண்டினார், பசை பூசினார், ஊதினார், ஒட்டினார். எட்டு நிமிஷம். அருமைநாதன் மணிக்கூட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தை அந்தக் கொடிவரிசைகள்தான் பார்த்தன. எதிர்க்காற்று. மேடு அவருக்குப் புதுசு, ஆனால் எதிர்க்காற்று பழக்கம். ஊரில் ஆனையிறவு வெளியில் சோளகக் காற்று முகத்தில் அறையும்போது எப்படிக் குனிந்து, எப்படி ஒருக்களித்து மிதிப்பது என்று அவருடைய முதுகெலும்புக்குத் தெரியும். கூடையைக் கழற்றி வேலியோரம் வைத்தார். கைபிடியில் நெஞ்சு படக் குனிந்தார். பத்துக் கியர்க்கார அருமைநாதன் பின்னாலிருந்து, "அண்ணே! அண்ணே! மெதுவா!" என்று கத்திக்கொண்டு வந்தான். பத்தாவது கிலோமீட்டரில் அவன் கத்துவதையும் விட்டுவிட்டான்.

அவர்கள் சைக்கிள்களைத் தூக்கி கார்ட் பெட்டிக்குள் எறியவும் ரயில் அசையவும் சரியாக இருந்தது. காலையில் காரில் வந்து லிலிடேலில் சேர்ந்துகொண்ட கீத், அங்கிருந்தே காரில் போய்விட்டான். பெட்டிக்குள் ஹார்ட்லியும் மார்ஜரியும் சன்னலோரம் இருந்தார்கள். எதிர்க் கதிரையில் விக்னராஜா போய் விழுந்தார். வேர்வை கண்ணுக்குள் ஓடியது.

பார்த்தால், ஹார்ட்லி தூங்குகிறார். தொப்பி மூக்கின்மேல், கைகள் வயிற்றின்மேல்.

மூரூல்பார்க் நிலையம் வந்தது, போனது. விக்னராஜா அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்குகிற மனிதரை எழுப்பலாமா? வயதில் மூத்தவர். வேலையில் மேலானவர். அவருடைய மனைவி பக்கத்திலேயே இருக்கிறாள். எழுந்து கொட்டாவி விட்டு முகம் துடைத்த பிறகு, "நல்ல நித்திரையோ?" என்று தொடங்கி, மெல்ல மெல்ல வந்து சேர வேண்டிய விஷயம் இது. குரொய்டன் வந்தது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். குரொய்டனும் போனது. இனி ரிங்வூட் ஈஸ்ட். அதற்கு அடுத்தது ஹார்ட்லி இறங்குகிற ரிங்வூட்.

அருமைநாதன் சன்னலில் வரப்போகும் நிலையப் பலகையைத் தேடிக்கொண்டிருந்தான்.

விக்னராஜா கையை நீட்டி, தூங்குகிற மேலதிகாரியின் தோளில் தட்டினார்.

"ம்? ரிங்வூட்டா?"

"இன்னும் இல்லை, மிஸ்டர் ஹார்ட்லி. அதற்கு முன்னால் ஒரு விஷயம். காலையில் வீட்டைக் கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன்."

"ஆமாம். தெளிவாகச் சொன்னாய்."

"அது வேண்டாம் என்ற பொருளில் இல்லை."

ஹார்ட்லி தொப்பியை நிமிர்த்தினார். "பின்னே வேறு எந்தப் பொருளில்?"

முப்பத்துநாலு வயது வரைக்கும் விக்னராஜா அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்லை. ஊரில் யாரும் கேட்டதில்லையே. அவருக்கு முகம் சுட்டது.

"நீங்கள் திரும்பக் கேட்க வேண்டும் என்ற பொருளில்."

மார்ஜரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியானால் அந்த முட்டை சான்ட்விச்?"

"அதுவும்தான், மிஸஸ் ஹார்ட்லி. எனக்குச் சரியான பசி."

"அட கடவுளே. எத்தனை தரம் கேட்க வேண்டும்?"

"மூன்று தரம் கேட்டால் போதும்."

ஹார்ட்லி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "மேலதிகாரியின் பின்வளவில் இருக்க உனக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் பிறகு வாய் திறக்கவில்லை," என்றார். "ஆனால் விக், இப்போது கீத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏழு மணிக்குக் கலியாணப் பெண்ணோடு வருகிறான். அவனுக்குப் பிடித்தால் ஜூனிலிருந்து அது அவனுடையது. நான் சொன்னால் சொன்னதுதான்."

ரயில் வேகம் குறைந்தது. ரிங்வூட் ஈஸ்ட் என்ற பலகை சன்னலில் வந்து நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு காற்று உள்ளே வந்தது. அருமைநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விக்னராஜா அவனைக் கையால் தடுத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"ஜூன்தானே? ஏப்ரலும் மேயும் அது சும்மா இருக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு எனக்குத் தாருங்கள். மனைவியும் பிள்ளையும் மூன்றாம் திகதி வர வேண்டும், மிஸ்டர் ஹார்ட்லி. அவர்கள் வந்து இறங்க எனக்கு ஒரு இடமும் இல்லை."

சொல்லி முடித்தபோது அவருக்கே அது வேறு யாருடையவோ குரல்போலக் கேட்டது. யாரும் நீட்டாத ஒன்றைக் கையை நீட்டிக் கேட்பது அவருக்கு வாழ்நாளில் இதுதான் முதல் தரம்.

ரயில் கிளம்பியது. ஹார்ட்லி மனைவியைப் பார்த்தார்.

"குசினிக் கூரை ஒழுகும்," என்றாள் மார்ஜரி. "பிள்ளைக்குக் கட்டில் கிடையாது."

"பரவாயில்லை."

"ஜூன் வந்தால் என்ன செய்வாய்?" என்றார் ஹார்ட்லி.

"தேடுவேன். அப்போது என்னோடு தேட ரஞ்சினியும் இருப்பாள்."

ஹார்ட்லி எழும்பி, ஆடும் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேல்தட்டில் கிடந்த தன் பையை இறக்கித் தோளில் மாட்டினார். விக்னராஜாவுக்கு அந்த நேரம், அந்தப் பதினொரு வாசலிலும் நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினாலும் அதைவிடப் பெரிது.

"இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம். கீத்திடம் நான் சொல்லிக்கொள்கிறேன்," என்றார். "வேண்டும்தானே? இப்போதே கேட்டுவிடுகிறேன், பிறகு திரும்பக் கேட்க முடியாது."

"வேண்டும்," என்றார் விக்னராஜா. "வேண்டும், வேண்டும்."

"மூன்று தரம் சொல்லிவிட்டான்," என்றாள் மார்ஜரி.

ரிங்வூட்டில் ஹார்ட்லியும் மார்ஜரியும் சைக்கிள்களோடு இறங்கினார்கள். மார்ஜரி சன்னல் வழியாக ஒரு கடதாசிப் பையை நீட்டினாள். தோட்டத்தில் கொடுத்த கறுப்புத் திராட்சை. "இது உனக்கு..." என்று அவள் தொடங்கும்போதே விக்னராஜாவின் கை பைக்குப் போய்விட்டது. ரயில் நகர, ஹார்ட்லி வீட்டு இலக்கத்தையும் வீதியின் பெயரையும் மேடையிலிருந்து உரத்துச் சொன்னார். எழுத்துக்கூட்டியும் சொன்னார்.

விக்னராஜா பையிலிருந்து தந்திப் படிவத்தை எடுத்தார். "அனுப்பு" என்பதற்குக் கீழே முகவரியை எழுதினார். ரயில் ஆட்டத்தில் இலக்கம் ஏழு கொஞ்சம் கோணிப்போனது. திரும்பத் தடித்து எழுதினார். பிறகு அதற்குக் கீழே, தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்று தெரிந்தும், "இரண்டு மாதத்துக்கு" என்று சேர்த்தார். கொஞ்சம் யோசித்து அதை வெட்டினார். மறுபடி யோசித்தார். அதை அவள் வந்த பிறகு, முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

திராட்சை சின்னதாக, தோல் தடித்து, உள்ளே சரியான இனிப்பு. வாய் நிறைய விதை. மனம் அதற்குள் ஜூனுக்கு ஓடி, இந்த ஊர் ஆடிக் குளிருக்கு எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்று அலைய ஆரம்பித்துவிட்டது.

"விதையை எங்கண்ணே துப்பறது?" என்றான் அருமைநாதன், கன்னம் புடைக்க.

"துப்பத் தெரியாத வாய் எண்டீரே?"

"திராட்சைக்குத் தெரியும்லா."

விக்னராஜா பையில் கிடந்த மற்றப் படிவத்தை எடுத்தார். "பொறு" என்ற எழுத்து உள்பக்கம் போகும்படி கூம்பாகச் சுருட்டினார். முதலில் அவரே ஒரு விதையை அதற்குள் துப்பிவிட்டு, அவன் பக்கம் நீட்டினார்.